இரண்டு வாளி, ஒரு பானை

என் மாமியாருக்குக் குப்பையைப் பிரிக்க யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது எனக்குத்தான். நான் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். சமையல் மேடைக்குக் கீழே ஒரு வாளி இருக்கும், அதில் மளிகைக் கடைப் பை ஒன்று. காய்த் தோலும் மருந்து அட்டையும் தீர்ந்துபோன டார்ச் பேட்டரியும் அதற்குள்ளேயே போகும். ராத்திரி பையின் காதைக் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை குப்பை என்ற விஷயம் அதோடு முடிந்தது. கல்யாணமாகி ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதிக்கு வந்தபோது, அந்த வீட்டில் குப்பைத் தொட்டி என்று ஒன்று இல்லாததே எனக்குப் பெரிய திகைப்பாக இருந்தது.

வாசல் திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், சமையலுள், கிணற்றடி, கொல்லை என்று பின்சந்து வரை நீண்ட வீடு. அதில் ஒவ்வொரு கழிவுக்கும் போகிற இடம் முன்பே தீர்மானமாகியிருந்தது. அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானைக்கு. காய்த் தோல், கீரைத் தண்டு, வாழைப்பூ மடல் எல்லாம் ஒரு மூங்கில் கூடைக்கு. இரண்டையும் சாயங்காலம் பால்காரர் தன் மாட்டுக்கு எடுத்துப் போவார். சாப்பிட்ட இலை கொல்லையில் வாழையடிக் குழிக்கு. தேங்காய் நார் பாத்திரம் தேய்க்க. கொட்டாங்கச்சி வெந்நீர் அடுப்புக்கு. அந்த அடுப்பின் சாம்பல் மறுபடியும் பாத்திரம் தேய்க்க. செய்தித்தாளும் பால் கவரும் மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரருக்கு. பால் கவரின் மூலையை முழுக்க வெட்டி எறிய மாட்டார் மாமியார். கீறல் மட்டும் போட்டு, பாலை ஊற்றியபின் அலசி, கொடியில் கவிழ்த்துக் காயவைப்பார். வெட்டி எறிந்த சின்ன மூலைதான் சாக்கடையை அடைக்கும் என்பது அவர் கண்டுகொண்ட உண்மை.

பெருமாளுக்குச் சாத்திய பூவும் துளசியும் இவை எதோடும் சேராது. அவை கால் படாத இடத்துக்குப் போக வேண்டும். துளசி மாடத்து மண்ணில் கொஞ்சம், மீதி அம்மாமண்டபம் படித்துறையில் காவிரிக்கு.

இதையெல்லாம் அவர் ஆசாரமாகத்தான் செய்தார். அந்தநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். சமைத்த சாதம் பட்ட பத்து எது, வாய் பட்ட எச்சில் எது, தீட்டுப் படாத மடி எது என்று சிறு வயது முதல் பார்த்துப் பழகிய கண். சாதம் தொட்ட கையால் நெய்க் கிண்ணத்தைத் தொட்டால் குரல் வந்துவிடும். நான் முதலில் தவித்துப்போனேன். பிறகு அந்தப் பழக்கத்தால் வீட்டுக்குக் கிடைத்த சுத்தத்தை மதிக்கக் கற்றுக்கொண்டேன். அதே பழக்கத்துக்கு இன்னொரு முகம் இருந்ததை மிகவும் பின்னால்தான் உணர்ந்தேன். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

பங்காளிகள் பாகம் பிரித்ததில் வீடு கைமாறி, இடித்து, அடுக்குமாடி ஆனது. எங்களுக்கு இரண்டாம் மாடியில் ஒரு வீடு. கிணறு மூடப்பட்டது. வாழையடிக் குழி இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நின்றன. பால்காரர் ஊருக்கு வெளியே மாட்டைக் கொண்டுபோய்விட்டார். வெந்நீர் அடுப்புக்குப் பதில் சுவரில் ஹீட்டர். ஒவ்வொன்றும் போன வழிகளெல்லாம் அடைபட்டு, எல்லாக் கழிவும் ஒரே பையில் வந்து சேர்ந்தது. எனக்குப் பழக்கமான சென்னை வாழ்க்கைதான். மாமியாருக்கு அது தாங்கவில்லை. பால்கனியில் நின்றால் தெருமுனைத் தொட்டி தெரியும். எச்சில் இலை வாசனைக்கு வரும் மாடுகள் பிளாஸ்டிக் பையோடு சேர்த்து மென்று விழுங்கும். "பசு வாயில பையைத் திணிக்கறதுக்கு நம்மாத்துக் குப்பையும் ஒரு காரணம்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அந்தத் தொட்டிக் குப்பை எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. 1994-இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் திருச்சியோடு சேர்ந்து மாநகராட்சி ஆனபின், ஊர்க்குப்பை என்றால் அரியமங்கலம்தான். ஏறத்தாழ 47 ஏக்கர். அரை நூற்றாண்டாகக் கொட்டிக் கொட்டி மலையாக நின்ற கிடங்கு. தஞ்சாவூர் சாலையில் போகிறவர்களுக்கு அது தெரியும். கோடையில் அங்கே தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். சுற்றுப்புறக் குழந்தைகள் இருமுவார்கள். ஏன் அப்படி எரிகிறது என்பதற்கான விடை நம் சமையலறையில்தான் இருக்கிறது. சாதமும் காய்த் தோலும் பிளாஸ்டிக் பைக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அதுவே தீக்குத் தீனியாகிறது. அதே சாதமும் தோலும் காற்றோட்டமாக மட்கினால் மண்ணாகிவிடும். கலந்து கட்டியதால் வந்த வினை அது. அண்மை ஆண்டுகளில் அந்த மலையைத் தோண்டிச் சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் இரும்பையும் பிரித்தெடுக்கும் வேலை நடந்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் இரண்டு நொடியில் முடிந்திருக்க வேண்டிய காரியத்தை இயந்திரம் வைத்து, கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிறோம்.

திருச்சிக்குச் சுத்தம் புதிய பேச்சு அல்ல. 2002-இலேயே கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அங்கே பொதுக் கழிப்பிடத்தைப் பெண்கள் குழுவே நடத்தியது. 2016-இல் நாட்டின் தூய்மை நகரங்கள் பட்டியலில் மைசூரு, சண்டிகருக்கு அடுத்து மூன்றாவதாகத் திருச்சி வந்தது. அடுத்த ஆண்டு ஆறாமிடம். அந்தச் சமயத்தில்தான் விதிகளும் வந்தன. அல்மித்ரா படேல் என்ற பெண்மணி 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கால் 2000-இல் முதல் விதிகள் பிறந்திருந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் வெளியாயின. குப்பையை உண்டாக்குகிறவரே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது அவற்றில் இருந்த கடமை. தெருவில் எறிவதும் எரிப்பதும் புதைப்பதும் குற்றம்.

எங்கள் தெருவுக்கு அது 2017 வாக்கில் ஒரு விசில் சத்தமாக வந்தது. காலையில் தள்ளுவண்டி, பிறகு பேட்டரி வண்டி. பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காதது. மக்கும் குப்பை தினமும், மக்காதது புதன்கிழமை. தெருமுனைத் தொட்டியை எடுத்துவிட்டார்கள். அடுக்குமாடியில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் விசில் நேரத்தில் குளித்துக்கொண்டிருப்போம். புதன்வரை பிளாஸ்டிக்கை எங்கே வைப்பது, நாற்றமடிக்காதா என்ற கேள்விகள். முதல் கொஞ்ச காலம் நான் கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு வாளிகளின் முன் நின்றேன். முட்டை ஓடு எதில்? தேயிலைப் பையின் நூலும் ஸ்டேப்ளர் கம்பியும்? எண்ணெய்க் கறை பட்ட காகிதம்? தலைமுடி? கொட்டாங்கச்சி மக்கும்தான், ஆனால் வருஷக்கணக்காகும்.

மாமியார் நிற்கவில்லை. நீல வாளிக்குப் போகிற ஒவ்வொன்றும் அலசிக் காயவைத்தது. தயிர் டப்பா, பிஸ்கட் உறை, எண்ணெய்ப் பாக்கெட் எல்லாம் பால் கவர் பட்ட பாடு பட்டன. காய்ந்த பிளாஸ்டிக் புதன்வரை என்ன, ஒரு மாதம் இருந்தாலும் நாறாது. நாறுவது அதில் ஒட்டிய சாப்பாடுதான் என்பதை எங்கள் மாடிக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்.

ஒரே ஒரு இடத்தில் அவருக்கும் விதிக்கும் ஒத்துவரவில்லை. பெருமாள் பூ. "மக்கும் குப்பைதானே அம்மா, பச்சை வாளியில போடலாமே" என்றேன். "சாத்தின பூவை எச்சில் சாதத்தோட போடறதாவது! வாயால சொல்லாதே" என்றார். காவிரியில் போடவும் எனக்கு மனமில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் அம்மாமண்டபத்தில் மிதக்கிற மாலைகளையும் பழந்துணிகளையும் பார்த்தவர்களுக்கு அந்த மனம் வராது. இரண்டு பேருடைய பிடிவாதத்துக்கும் நடுவில் பால்கனிக்கு ஒரு மண்பானை வந்தது.

பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள். அடியில் தேங்காய் நாரும் காய்ந்த இலையும். அதன்மேல் பூ, துளசி, மறுபடி காய்ந்த இலை. வாய்க்குத் துணி கட்டி மூடி. ஆரம்பத்துக்குப் புளித்த மோர் தெளித்தார். கிராமத்தில் எருக்குழிக்குச் சாணிக் கரைசல் ஊற்றுவார்கள், இங்கே சாணிக்கு எங்கே போவது என்று அவராகவே கண்டுபிடித்த மாற்று. பூ மட்டும் போட்டபோது பிரச்சினையே இல்லை. பிறகு எச்சில் படாத காய்த் தோல் சேரலாம் என்று அவரே அனுமதி தந்தார். அதன்பின் பானை சொதசொதவென்று ஆகி நாற்றம் வந்தது.

அப்போதுதான் நான் படிக்க உட்கார்ந்தேன். மட்குகிற வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டும். பச்சைத் தோல், கீரை, பூ எல்லாம் தழைச்சத்து. காய்ந்த இலை, தென்னை நார்த் துகள், மரத்தூள், கிழித்த அட்டை எல்லாம் கரிமம். பச்சை கூடினால் நாறும், காய்ந்தது கூடினால் மட்காமல் அப்படியே கிடக்கும். பெரிய குவியலில் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூடு நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் கொல்லும். பால்கனிப் பானையில் அவ்வளவு சூடு வராது, அதனால் மெல்ல மட்கும், பொறுமைதான் வேண்டும். ஒரு பிடி பச்சைக்கு இரண்டு பிடி காய்ந்த இலை என்று நான் கணக்குச் சொன்னேன். கோயில் பக்கம் நடக்கப் போனால் வழியில் உதிர்ந்த புங்க இலையைப் பையில் அள்ளி வரத் தொடங்கினோம். நாற்றம் நின்றது.

பிறகு புழு வந்தது. சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள். கருப்பாக, குளவி மாதிரி தோன்றும் ஒரு வகை ஈயின் இளம்புழுக்கள் அவை; கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். அதை நான் விளக்குவதற்குள் மாமியார் பானையைத் திறந்து பார்த்துவிட்டார். பெருமாள் பூவில் புழு. அன்று என்ன நடக்குமோ என்று பயந்தேன். சற்று நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க ஊர் எருக்குழியில இதெல்லாம் கண்டிருக்கேன். இது இல்லாம மண்ணு எங்கேர்ந்து வரும்" என்று மூடியை வைத்தார். சுமார் மூன்று மாதம் கழித்து அடியில் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைத்தது. துளசிக்கும் கனகாம்பரத்துக்கும் அதைத்தான் போட்டோம்.

இனி அந்த இன்னொரு முகம்.

எங்கள் வீதிக்குக் குப்பை வாங்க வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மாமியாரை "மாமி" என்பார், என்னை "யக்கா". ஒரு நாள் வாளியை வாங்கும்போது அவருடைய ஆள்காட்டி விரலில் தழும்பைப் பார்த்தேன். நகத்துக்குக் கீழே நீளமாக. என்னவென்று கேட்டேன்.

"பிளேடுக்கா. ஒண்ணா கட்டிக் குடுத்துடறாங்கல்ல, அதை நாங்கதானே கைய விட்டு அலசணும். பிளேடு கிடக்கும், பல்பு ஒடைஞ்சி கிடக்கும். வெளிய சொல்ல முடியாததும் கிடக்கும். க்ளவுஸ் போட்டாலும் கிழிச்சிருது." பிறகு எங்கள் நீல வாளியைக் காட்டி, "இந்த மாதிரி அட்டை, பாட்டில் சுத்தமா வந்தா எடைக்குப் போடலாம், எங்களுக்கும் நாலு காசு நிக்கும்" என்றார்.

மாமியார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதுவரை அந்தப் பெண்ணின் கையில் வாளியைக் கொடுத்ததில்லை. படிக்கட்டருகே வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்குவார். அன்று ராத்திரி, கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் உலர் கழிப்பிடம். பின்சந்து வழியாக ஒரு பெண் தகர வாளியும் துடைப்பமுமாக விடியுமுன் வருவாள். அவள் வருகிற நேரத்தில் கொல்லைக் கதவைத் திறக்கக் கூடாது. தாகம் என்றால் உயரத்திலிருந்து குவித்த கையில் தண்ணீர் விடுவார்கள். எத்தனையோ வருஷம் வந்தவளின் பெயர் மாமியாருக்குத் தெரியாது, யாரும் கேட்டதில்லை. உலர் கழிப்பிடத்தையும் மனிதர் கையால் மலம் அள்ளுவதையும் தடை செய்யும் சட்டம் 1993-இல் வந்தது, 2013-இல் இன்னும் கடுமையான சட்டம். "சட்டம் வந்தது. அந்தச் சந்து மூடினது. ஆனா நம்மாத்து எச்சிலை அலசறது அவ பொண்ணோ பேத்தியோ மாதிரி யாரோதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து: "நம்ம எச்சிலை நாமளே தொட மாட்டோம்னா, அவ எதுக்குத் தொடணும்?"

நான் இந்த விஷயத்தில் படித்த எந்த அறிக்கையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. பத்தும் எச்சிலும் பார்த்த பழைய ஒழுங்கு, பொருள்களைப் பிரித்ததோடு நிற்காமல் மனிதர்களையும் பிரித்தது. நம் வீட்டுச் சுத்தத்தை வேறு ஒரு சாதியின் கையில் ஏற்றி வைத்தது. பிரித்தே தர வேண்டும் என்கிற விதி அந்தச் சுமையை உண்டாக்கியவரின் கைக்கே திருப்புகிறது. தின்ற தட்டின் மிச்சத்தை வழித்துப் போடுவதும், பிளேடைத் தாளில் சுற்றுவதும், மருந்து பாட்டிலைத் தனியே வைப்பதும் அந்தந்த வீட்டு வேலை. அதனால்தான் இதைச் சுற்றுச்சூழல் விஷயம் என்று மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பூமிக்கு நல்லது என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் அந்த விரல்.

மறுநாள் மாமியார் வாளியைக் கையில் கொடுத்தார். பெயரும் கேட்டார். அவர் ஆசாரத்தை எல்லாம் விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய்யாகும். எச்சில் படாத பானை அவருக்குக் கடைசிவரை எச்சில் படாததாகவே இருந்தது. எச்சில் பச்சை வாளிக்குப் போனது, அவர் கையாலேயே. அதை மாற்ற நான் முயலவில்லை. மாற்ற வேண்டியது மாறியிருந்தது.

அந்தப் பச்சை வாளி போகிற இடத்தையும் ஒரு நாள் பார்த்தேன். மாநகராட்சியின் நுண் உர மையம். ஊர்க்குப்பை முழுவதையும் அரியமங்கலத்துக்கு அள்ளிப்போவதற்குப் பதிலாக, அந்தந்தப் பகுதியின் ஈரக் குப்பையை அங்கங்கே உரமாக்க நகரில் பல இடங்களில் இப்படி அமைத்திருக்கிறார்கள். உள்ளே நுழையும்போது மூக்கைப் பிடிக்கத் தயாராக இருந்தேன்; தேவைப்படவில்லை. வந்த குப்பையைப் பெண்கள் மேசையில் பரப்பி மறுபடி பார்க்கிறார்கள். இயந்திரத்தில் துண்டாக்குகிறார்கள். காற்றுப் புகத் துளை விட்டுக் கட்டிய தொட்டிகளில் அடுக்கி, சாணக் கரைசல் தெளித்து, அவ்வப்போது கிளறுகிறார்கள். நாற்பத்தைந்து, அறுபது நாளில் சலித்தால் உரம். அது உழவர்களுக்குப் போகிறது. எங்கள் பானையில் நடப்பதுதான், பெரிய அளவில்.

அங்கே வேலை செய்த ஒரு அம்மா இயந்திரத்தின் பல்லில் சுற்றிக்கொண்ட ஒரு சிக்கலைப் பிடுங்கிக் காட்டினார். பச்சையும் வெள்ளையுமாக நைலான் நூல். ஸ்ரீரங்கத்தில் பூவுக்குக் குறைவில்லை. சாத்தார வீதிப் பூ மார்க்கெட், கோயில், வீட்டுக்கு வீடு மாலை. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் மலை மலையாகச் சேரும். பூ மாதிரி சுலபமாக மட்குகிற பொருள் வேறில்லை. ஆனால் அதைக் கட்டிய நூல் மட்காது. "நாருல கட்டினா அப்படியே போட்ருவோம். நூலுல கட்டினா ஒவ்வொண்ணா உருவணும்மா" என்றார். வாழை விளைகிற காவிரிக் கரையில், வாழை ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிற திருச்சியில், பூக்கட்ட வாழைநார் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பூக்காரம்மாவிடம் கேட்டேன். நாரை நனைக்க வேண்டும், கிழிக்க வேண்டும், நூல் என்றால் கை சரசரவென்று ஓடும், முழத்துக்குக் கிடைக்கிற காசில் அந்த நேரம் கட்டுப்படியாகாது என்றார். நியாயம்தான். முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறேன், எனக்கு நாரில் கட்டுங்கள் என்றேன். இப்போது எங்கள் தெருவில் வேறு சில வீடுகளும் அப்படி வாங்குகின்றன. கோயில்களும் மண்டபங்களும் கேட்டால் நார் தானாகத் திரும்பி வரும்.

குப்பையை உரமாக்கும் இந்த முறையெல்லாம் எங்கிருந்தோ இறக்குமதியான ஞானம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். அங்கே இலை, தழை, சாணம், மண்ணை அடுக்கிக் கிளறி உரமாக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலகம் முழுக்க அதற்கு இந்தூர் முறை என்றே பெயர். தன் ஆசிரியர்கள் இந்திய உழவர்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னவர். அதே இந்தூர்தான் 2017 முதல் ஆண்டுக்கு ஆண்டு தூய்மை நகரப் பட்டியலில் முதலிடம் பிடித்துவந்தது. அந்த ஊரும் வீட்டு வாசலில் பிரித்து வாங்கியே அந்த இடத்துக்கு வந்தது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததை நாங்கள் சித்திரைத் தேரில் உணர்ந்தோம். சுற்றுக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சித்திரை வீதிகளில் நிறைகிற நாள் அது. முந்திய ஆண்டுகளில் நீர்மோர்ப் பந்தல் இருந்த இடமெல்லாம் பிளாஸ்டிக் தம்ளர் கணுக்கால் அளவு கிடக்கும். தடைக்குப் பிறகு எங்கள் மாடிப் பெண்கள் சேர்ந்து எவர்சில்வர் தம்ளரில் பானகம் கொடுத்தோம். கழுவிக் கழுவிக் கை சுருங்கிப்போனது, ஆனால் எங்கள் பந்தலடி சுத்தமாக இருந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தபோது மாமியார் பரணிலிருந்து எங்கள் கல்யாணத் தாம்பூலப் பை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கடினமாக இருந்தது வேறொன்று. நாப்கின். அடுக்குமாடிக் கூட்டத்தில் அதை எடுத்ததும் ஆண்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள், பெண்கள் தரையைப் பார்த்தோம். மேல்வீட்டில் குடியிருந்த, வங்கியில் வேலை பார்க்கும் இளம்பெண்தான் எழுந்தாள். "வெளிய சொல்ல முடியாதது" என்று குப்பை வாங்க வருகிறவர் சொன்னது இதைத்தான் என்றாள். நாப்கினைச் சுற்றிப்போட உறை தர வேண்டும் என்று 2016 விதியே உற்பத்தியாளர்களுக்குச் சொன்னது. உறை இல்லாவிட்டால் தாளில் சுற்றித்தான் தர வேண்டும். புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவான ஸ்வச், 2017-இல் சிவப்புப் புள்ளி என்றொரு இயக்கம் நடத்தியது: தாளில் சுற்றி மேலே சிவப்பு மையில் ஒரு புள்ளி. பிரிக்காமலேயே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். அதையே எடுத்துக்கொண்டோம். கொரோனா காலத்தில் முகக்கவசத்துக்கும் அந்தப் பழக்கம் உதவியது. ஊரே கதவடைத்திருந்த அந்த மாதங்களிலும் விசில் சத்தம் நிற்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

இன்னும் எல்லா வீடுகளிலும் நடக்கவில்லை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு இலைக் குவியலில் தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீம் கிண்ணமும் கலந்தே கிடப்பதைப் பார்க்கிறேன். உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷமென்றால்கூட உள்ளாட்சிக்கு மூன்று வேலைநாள் முன்பே தெரிவித்து, குப்பையை அங்கேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016 விதி சொன்னது விசேஷம் வைக்கிற பலருக்குத் தெரியாது. மண்டபம் பேசும்போது சாப்பாடு எத்தனை இலை என்று கேட்பதோடு, இலை போகிற தொட்டி எது, பாட்டில் போகிற தொட்டி எது என்றும் கேளுங்கள். நாரில் கட்டிய மாலை கேளுங்கள்.

வீட்டில் பானை வைக்க இடமில்லை, நேரமில்லை என்றால் பரவாயில்லை. உரத்தை நுண் உர மையத்தார் செய்துகொள்வார்கள். பிரிக்கிற வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள். ஈரமானதை ஒரு வாளியில், அலசிக் காய்ந்ததை ஒரு வாளியில் வையுங்கள். பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி மேலே எழுதுங்கள். நாப்கினில் சிவப்புப் புள்ளி வையுங்கள். காலையில் விசில் கேட்டால் வாளியைக் கீழே வைக்காமல் வாங்க வருபவரின் கையில் கொடுத்து, அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.